கழிப்புப் பை

பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பை சூடாக இருந்தது.

வின்சன்ற் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சோறு இருக்கிற பை சூடாகத்தானே இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அந்தச் சோற்றைச் சுந்தரேஸ்வரி அக்கா காலையிலேயே வடித்து, மஞ்சள் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பல்கனியில் வைத்ததை அவன் தன் கண்ணால் கண்டிருந்தான். நவம்பர் மாதத்துப் பல்கனி. கோடையில் உலகக் கிண்ணத்துக்கென்று கட்டிய ஜேர்மன் கொடி அவிழ்க்க ஆளில்லாமல் விறைத்துத் தொங்குகிற பல்கனி. அங்கே மத்தியானம் வரை இருந்த சோறு கல்லு மாதிரி ஆகியிருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கையை எட்டிப் பையின் அடியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு போல இளஞ்சூடு. கையைக் காற்சட்டையில் இரண்டு மூன்று தரம் துடைத்துக்கொண்டான்.

துடைப்பது அவனுக்குப் பழக்கம். பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய சமையற்கூடம் ஒன்றில் அவனுக்கு வேலை. தலைக்கு வலை, வாய்க்குத் துணி, கைக்கு உறை. ஒரு தட்டில் ஒரு மயிர் கிடந்தால் அந்த வரிசையில் வந்த தட்டுகள் முழுவதையும் கொட்ட வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்து அவனுக்கு உலகம் முழுவதும் ஒரு சாப்பாட்டுத் தட்டாகிப் போயிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டான். விருந்துக்குப் போனால் தண்ணீர்க் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "இந்த மனுசனுக்குச் சுத்தப் பைத்தியம்" என்று மனைவி ரூபி நாலு பேருக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவனிடம்தான் இந்தப் பையைக் கொடுத்து விட்டிருந்தார்கள்.

அவர்களுடைய மகள் லிசாவுக்கு ஐந்து மாதம். ஒக்டோபர் நடுவிலிருந்து பால் குடிப்பதை விட்டுவிட்டாள். ரூபி மடியில் போட்டால் முகத்தைத் திருப்பினாள். போத்தலைக் கொடுத்தால் உதட்டை இறுக்கி மூடினாள். கரண்டியால் புகட்டினால் வாயின் ஓரத்தால் வழிய விட்டாள். பிள்ளை வைத்தியர் இரத்தம் எடுத்தார், வயிற்றைப் படம் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த ரெர்மினுக்கு நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் வைத்து மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்றும் சொன்னார். பிள்ளையின் தொடைத் தோல் தொங்கத் தொடங்கியிருந்தது. குளிப்பாட்டும்போது அந்தத் தோல் வின்சன்றின் விரலில் மடிந்தது. இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்த்தான்.

மேல்மாடியில் இருந்த சுந்தரேஸ்வரி அக்கா ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டா. அவ வங்கிக் கட்டிடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவ. எதையும் ஒரே இழுப்பில் துடைத்து முடித்துவிடுகிற ஆள்.

"இது டொக்டரின்ரை மெசினுக்குத் தெரியாது தம்பி. கண்ணூறு. கழிச்சு எறிஞ்சாச் சரி."

வின்சன்ற் மன்னார்க் கத்தோலிக்கன். ரூபி யாழ்ப்பாணத்துச் சைவம். பிள்ளை குடித்தால் போதும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் அக்கா பிள்ளையை ரூபியின் மடியில் இருத்தி, பாதி வெட்டிக் குங்குமம் அப்பிய நீற்றுப்பூசணிக்காயையும், தேசிக்காய்களையும், செத்தல் மிளகாயையும், மஞ்சள் சோற்று உருண்டையையும் தலையைச் சுற்றிச் சுற்றிக் கழித்தா. பிள்ளையின் நகத்துண்டு கொஞ்சம், உச்சி மயிர் நாலு, சட்டை நூல் ஒன்று, எல்லாம் அந்த உருண்டைக்குள் போயின. பிள்ளையைப் பிடித்திருப்பது எதுவோ, அது அதற்குள் இறங்கிவிடுமாம். இறங்கியதைக் கொண்டுபோய் வீட்டுக்குத் தூரத்தில் எறிந்துவிட வேண்டும். ஊரில் என்றால் முச்சந்தியில் போடலாம். இங்கே முச்சந்தியில் குங்குமம் பூசிய பூசணிக்காயைப் போட்டால் பொலிஸ் வந்து நிற்கும். அதனால் அந்தப் பட்டினத்துத் தமிழ்ச் சனம் வெகுகாலமாக ஒரு சின்னக் காட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

"கார் விடுற இடத்திலயிருந்து நேர போங்கோ. வேட்டைக்காரர் ஏறியிருக்கிற பரண் ஒண்டு வரும். அதுக்குப் பின்னாலை பள்ளம். நாங்கள் எல்லாரும் போடுறது அதுக்குள்ளைதான்" என்றா அக்கா. "போட்டிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. அங்கையிருந்து ஒரு இலை கூட வீட்டை வரக்கூடாது. பையையும் விட்டிட்டு வாங்கோ."

"பிளாஸ்ரிக் பை அக்கா. காட்டுக்கை போட்டா பிழை."

"உங்களுக்குப் பிள்ளை பெரிசோ பை பெரிசோ?"

பிள்ளைதான் பெரிது. ஆனாலும் அவன் அந்த வசந்த காலத்தில்தான் ஜேர்மன் பாஸ்போட்டுக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் போட்டிருந்தான். ஒரு சின்னத் தண்டம் வந்தாலும் அதைத் தோண்டிக் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மஞ்சள் விளக்குக்கே காரை நிறுத்துகிறவனாகி இருந்தான்.

*

அந்தக் காட்டைக் காடு என்பதே கொஞ்சம் அதிகம். சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, ஓட்டோபான் நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கிற தூரத்தில், உழவுக்கு உதவாத மேட்டில் விட்டுவைத்த கொஞ்ச மரங்கள். ஒரு பக்கத்தில் நின்றால் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். நாய்களைக் கயிற்றில் பிடியுங்கள் என்று ஒரு பலகை, உட்கார ஒரு வாங்கு, அவ்வளவுதான். வின்சன்ற் காரை நிறுத்தியபோது வேறு கார் எதுவும் இல்லை. நாலு மணிதான் ஆகியிருக்கும். அதற்குள் வானம் பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பிடுங்கிய கிழங்குகளை வயலோரத்தில் மதில் மாதிரிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து மண்ணும் இனிப்புமாகப் புளித்த மணம் வந்தது. பையைக் கையை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈர இலைகள் சப்பாத்தின் அடியில் ஒட்டி ஒட்டிக் கழர, அவன் மரங்களுக்குள் நடந்தான். கொஞ்சத் தூரத்தில் கிழங்கின் மணம் விட்டுப்போய் வேறொன்று வந்தது. முதலில் அழுகின பழம் என்று நினைத்தான். பிறகு பூசை முடிந்த அறையின் மணம் என்று நினைத்தான். இரண்டும்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. குடித்த பால் திரைந்து பிள்ளையின் கழுத்து மடிப்பில் நின்றால் வருமே, அந்தப் புளிப்பு. அந்தக் காட்டில் அந்த மணத்துக்கு என்ன வேலை என்று அவனுக்கு விளங்கவில்லை.

பரண் வந்தது. நாலு கால், ஒரு ஏணி, மேலே பலகை அடித்த சின்ன அறை, அதில் ஒரு நீளமான துவாரம். அதைத் தாண்டிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றான்.

சுந்தரேஸ்வரி அக்கா பள்ளம் என்று சொன்னாவே தவிர, பள்ளத்துக்குள் என்ன இருக்கும் என்று சொல்லவில்லை. பூசணிக்காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிச் சப்பளிந்து தோலும் கூழுமாகக் கிடந்தன. கறுத்துச் சுருங்கின தேசிக்காய்கள், ஊதினால் பறக்கிற சாம்பல் நிறப் பூஞ்சணத்தோடு. பச்சைப்பிள்ளைச் சட்டைகள். ஒற்றைக் காலுறை. உடைந்த விளக்குச் சிட்டிகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினது போல, வேரா நூலா என்று தெரியாத கறுப்பாக ஏதோ ஒன்று எல்லாவற்றுக்குள்ளாலும் ஓடிக் கிடந்தது. அது மயிர் என்று தெரிந்தபோது வின்சன்றுக்கு ஓங்காளம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். எங்கள் சனம் எங்கே போனாலும் இப்படித்தான், தன் வீட்டுக்குள் கூட்டித் துடைத்து அடுத்தவன் வளவில் கொட்டும் என்று ஒரு கோபமும் வந்தது. அந்தக் கோபம் நல்லதாகத்தான் இருந்தது, அது இருந்தவரைக்கும் பயம் வரவில்லை.

பையைக் கவிழ்த்தான். பூசணிக்காய் உருண்டு போய் மற்றவற்றில் பொத்தென்று மோதியது. சோற்று உருண்டை உருளவில்லை. விழுந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது. யேசுவே, என் பிள்ளை குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

"அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

டொச்சில். மேலேயிருந்து. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, நல்ல மரியாதையான, ஜேர்மன் அலுவலகங்களில் பேசுகிற டொச். வின்சன்ற் அண்ணாந்து பார்த்தான். பரணின் துவாரம் இருட்டாக இருந்தது.

"மன்னிக்க வேணும்" என்றான் டொச்சில். "நான்... இது எல்லாம் மரக்கறிதான். உக்கிப் போகும்."

"இது கொட்டுகிற இடமல்ல. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

"மற்றது என்னுடையது இல்லை."

"உங்கள் ஆட்களுடையது" என்றது குரல். கோபம் கொஞ்சமும் இல்லை. "உங்கள் கார் இலக்கம் எனக்குத் தெரியும்."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. பாஸ்போட், அன்ராக், கடிதப் பெட்டியில் வந்து விழப்போகும் அரசாங்கக் கடிதம் எல்லாம் கண்முன் வந்தன. காரை நிறுத்திய இடம் அங்கிருந்து தெரியாது என்பது அவனுக்கு அந்த நேரத்தில் படவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு இலை கூட வரக்கூடாது என்பதும் எங்கோ தூரத்தில் யாரோ சொன்ன கதையாகப் போய்விட்டன. ஜேர்மனியில் இருக்கிற எல்லோரையும் போல அவனுடைய ஜக்கெற் பையிலும் மடித்த கடைப் பைகள் இருந்தன. கையுறை காரில் இருந்தது. கையுறை எடுத்துவர அனுமதி கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

பள்ளத்துக்குள் இறங்கினான்.

முதலில் தன்னுடையதை எடுத்தான். சோற்று உருண்டை கையில் குழைந்தது. பிறகு மற்றவை. பூசணிக்காயைத் தூக்கினால் தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்தது முழங்கையால் வழிந்து சட்டைக்கைக்குள் போனது. அந்த வழிசலில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. தேசிக்காய்கள் விரலில் வெடித்துத் தூள் பறந்து தொண்டைக்குள் கசந்தது. மூச்சை வாயால் விட்டான். வாயால் விட்டால் அந்த மணத்தைத் தின்பது போல இருந்தது. மூக்கால் விட்டான். அதுவும் முடியவில்லை. ஓங்காளித்துக்கொண்டே அள்ளினான்.

மயிரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். மறுபக்கத்தில் யாரோ பிடித்திருப்பது போல அது ஒருதரம் பின்னால் இழுபட்டது. பிறகு விட்டுக்கொடுத்தது. கொத்தாக வந்தது. சின்னப் பிள்ளைகளின் மெல்லிய மயிர். ஈரம். கன்னத்தில் பட்டது.

அடியில் இன்னும் ஏதோ இருந்தது. கையை விட்டான். மெத்தென்று இருந்தது. சூடு. அவனுடைய சுண்டுவிரலை அது பிடித்துக்கொண்டது.

பல் இல்லை. முரசு. ஈரமான, இறுக்கமான முரசு, பல் முளைக்காத ஈறு. பிடித்து, உறிஞ்சியது. ஒருதரம். இன்னொருதரம்.

லிசா முன்பு இப்படித்தான் அவன் விரலைச் சப்புவாள்.

கையை இழுத்துக்கொண்டான். பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டினான். பள்ளத்தின் அடியில் வெறும் மண் தெரிந்தது.

"நன்றி" என்றது குரல். "இனிய மாலையாக அமையட்டும்."

*

வீட்டுக்கு வருகிற வழியில் எங்காவது தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தான். பெற்றோல் நிலையக் குப்பைத் தொட்டிக்குச் சின்ன வாய். அதற்குப் பக்கத்தில் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டு இவனுடைய சட்டைக்கையையே பார்த்தார். வயலோரத்தில் நிறுத்தினால் பின்னால் ஒரு காரின் வெளிச்சம் வந்தது. கார் இலக்கம் தெரியும் என்றது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு ஓட்டினான். பின் இருக்கையில் பைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. கார் ஓடாமல் நின்ற விளக்குகளிலும் கேட்டது.

கடைசியில் தன் கட்டிடத்து முற்றத்தில் நின்ற மண்ணிறப் பியோத் தொட்டியில்தான் கொட்டினான். மரக்கறிக் கழிவுக்கென்று நகரசபை வைத்த தொட்டிதானே, கிழமைக்கு ஒருதரம் வந்து எடுப்பார்கள், எங்கோ உக்க விடுவார்கள் என்று மனதுக்குச் சொன்னான். பிளாஸ்ரிக் பைகளைப் பியோத் தொட்டியில் போடக்கூடாது என்ற சட்டம் அந்த நேரத்திலும் ஞாபகம் வந்ததுதான் வேடிக்கை. பைகளை உதறிப் பிளாஸ்ரிக்குக்கென்று இருந்த மஞ்சள் சாக்கில் போட்டான். தொட்டிக்கு நேர் மேலே அவர்களுடைய படுக்கை அறை யன்னல் இருந்தது.

கீழே நிலவறையிலிருந்த உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். சவர்க்காரம் முடியும்வரை கழுவினான். சட்டையைக் கழற்றி மெசினுக்குள் போட்டான்.

"எறிஞ்சிட்டீங்களோ?" ரூபி கதவடியிலேயே கேட்டாள். பிள்ளை அவளுடைய தோளில் துணிபோலக் கிடந்தது.

"ஓம்."

"திரும்பிப் பாக்கேல்லையே?"

"இல்லை."

"ஒண்டும் கொண்டு வரேல்லையே?"

ரூபியின் கண்ணடியில் கறுப்பு விழுந்திருந்தது. எத்தனையோ நாள் உறங்காத முகம். அந்த முகத்துக்கு உண்மை சொல்ல அவனால் ஏலவில்லை.

"இல்லை" என்றான்.

அன்றிரவு லிசா பால் குடித்தாள். ரூபி அவனைத் தட்டி எழுப்பிக் காட்டினாள். பிள்ளை மூக்கால் மூச்சுவிட்டு விட்டு, தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்தது. ரூபி அழுதாள். வின்சன்றும் அழுதான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் மாற்றினாள். அதுவும் முடிந்து போத்தல் கொடுத்தாள். சந்தோசத்தில் அவனுக்கு அந்தப் பள்ளமே மறந்துபோனது.

காலையில் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினான். ஏவறை விட்டாள். அவன் மூக்கடியில் விட்டாள்.

அழுகின பழம். பூசை அறை. திரைந்த பால்.

ரூபியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறையில் சத்தி எடுத்தான். தன் பிள்ளையின் வாய்மணத்துக்குச் சத்தி எடுக்கிற தகப்பன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு திரும்பவும் போய்த் தூக்கினான். திரும்பவும் ஓங்காளம் வந்தது.

பிறகு முற்றத்துக்கு இறங்கி மண்ணிறத் தொட்டியின் மூடியைத் திறந்தான். எடுக்க இன்னும் நாள் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பூசணிக்காய் இல்லை, மயிர் இல்லை, பக்கத்து வீட்டாரின் உருளைக்கிழங்குத் தோலும் இல்லை. உட்சுவரெல்லாம் ஈரமாக மினுங்கியது. சாப்பிட்டு முடித்த கோப்பையை விரலால் வழித்து நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

*

அந்தக் கிழமை முழுவதும் லிசா கொழுத்தாள். தொங்கின தொடை உருண்டது. கன்னம் வைத்தது. ரூபி கடைக்குப் போய்ப் பால்மா பெட்டிகளை அடுக்கடுக்காக வாங்கி வந்தாள். வைத்தியர் நிறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குழாய்க் கதை இனி இல்லை என்றார். வின்சன்ற் வேலையிலிருந்து பிந்தி வரத் தொடங்கினான்.

பம்பர்ஸ் மாற்றுவது அவனுடைய வேலை. ஒரு நாள் அதற்குள் தேசிக்காய் விதைகள் கிடந்தன. இன்னொரு நாள் நீளமாக ஒரு மயிர். இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. பிள்ளை அழவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. ஒரே நிறமில்லை அந்த மயிர். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் செம்பட்டை, பிறகு சுருள். பாதியில் விட்டுவிட்டுப் பம்பர்சை அப்படியே ஒட்டினான்.

"ஏன் பிள்ளையைத் தூக்கிறியள் இல்லை?" என்று ரூபி கேட்டாள். "வருத்தக்காரியா இருக்கேக்கை நெஞ்சில போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

"வேலைக் களைப்பு ரூபி."

"பொய் சொல்லாதேங்கோ. உங்கட முகத்தை நான் பாக்கிறன்தானே. ஏதோ அழுகலைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்."

அவளுடைய சிரிப்பு இப்போதுதான் திரும்பி வந்திருந்தது. சொன்னால் அது போய்விடும். திரும்பக் கழித்து எறிந்தால் பிள்ளை மறுபடி வாயை மூடிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை படிக்கட்டில் சுந்தரேஸ்வரி அக்காவைக் கண்டான்.

"அக்கா, கழிச்சுப் போட்டதை ஆரும் திருப்பி எடுத்தா என்ன?"

அக்கா சிரித்தா. "பிச்சைக்காரனும் எடுக்க மாட்டான் தம்பி. அதுக்குள்ளை எத்தினை பிள்ளையளின்ரை கிடக்குது தெரியுமே? புவனேந்திரத்தாரின்ரை மூண்டும் இப்பிடித்தான், தின்னாமல் குடியாமல் கிடந்ததுகள். மற்றக் குடும்பங்களின்ரையும். எல்லாத்தையும் நான்தானே கழிச்சனான்." பிறகு அவனை உற்றுப் பார்த்தா. "ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

"பிள்ளையளின்ரை வாயைக் கட்டிப்போட்ட அது பசியாத்தான் கிடக்கும்" என்று அக்கா பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினா.

வின்சன்ற் நேரே காரை எடுத்தான். பரணில் இருப்பவரைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டாவது, தண்டத்தைக் கட்டியாவது, பள்ளத்தில் திரும்பப் போட அனுமதி வாங்க வேண்டும் என்று நினைத்தான். என்னத்தைப் போடுவது என்று யோசித்தபோது வண்டியை ஓரத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

காடு மணக்கவில்லை. ஈர மண்ணும் இலையும் மட்டும். பள்ளம் கூட்டித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அவன் வாழ்நாளில் விரும்பிய சுத்தம். அதைப் பார்க்கத்தான் மயிர் கூச்செறிந்தது.

பரணை அண்ணாந்து பார்த்தான். ஏணியின் படிகள் உக்கி விழுந்து கனகாலம். மிச்சத்தில் பாசி. மேலே தரைப்பலகையே இல்லை. கீழேயிருந்து பார்க்க, கூரை ஓட்டைக்குள்ளால் வானம் தெரிந்தது. ஒரு காகம் கூட அதில் இருக்க முடியாது.

ரெலிபோன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்? கெதியா வாங்கோ." ரூபியின் குரல் சந்தோசத்தில் உயர்ந்திருந்தது. "பிள்ளை எழும்பிக் கதிரையில இருக்கிறாள். சோறு கேக்கிறாள்."

"ஐஞ்சு மாசப் பிள்ளை எப்பிடிச் சோறு கேக்கும்?"

"வாயைத் திறந்து காட்டுறாளப்பா. மஞ்சள் போட்டு ஆக்கினன். வந்து பாருங்கோவன்."

*

வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே நுழையும்போதே அந்த மணம். அவன் மூக்கைப் பொத்தவில்லை. பொத்த நேரமில்லை. பழக்கத்தில் குளியலறைக்குள் புகுந்து கையைக் கழுவினான். ஏன் கழுவுகிறான் என்று தெரியாமலே கழுவினான்.

குசினியில் விளக்கு எரிந்தது. ரூபி அவனுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். அடுப்பில் பெரிய பானை. வெறும் பானை. வழித்து ஈரமாக மினுங்கியது. மேசையில் அவளுடைய வளையல்கள் கழற்றிக் கிடந்தன.

"ஏன் வளையலைக் கழட்டினீர்?"

"இடைஞ்சலா இருந்தது." அவள் திரும்பவில்லை. "எவ்வளவு ஆசையா உறிஞ்சிறாள் பாருங்கோ."

சத்தம் கேட்டது. ஈரமான சத்தம். விட்டு விட்டு.

மேசையைச் சுற்றி வந்தான்.

லிசா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். ரூபி அவளுடைய வாயைத் துடைக்கிறாள் என்று நினைத்தான். துடைக்கவில்லை. ரூபியின் வலக்கை மணிக்கட்டு வரை பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. பிள்ளையின் தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது. ரூபியின் கண்கள் பாதி மூடியிருந்தன. பால் கொடுக்கும்போது இருக்கிற அதே முகம்.

"ரூபி."

"ச்சூ... விட்டிடுவாள்."

அவள் மெல்லக் கையை எடுத்தாள். வெளியே வர நேரமெடுத்தது. கை வெளுத்து ஊறிச் சுருங்கியிருந்தது. விரல்களில் மயிர் சுற்றியிருந்தது. கறுப்பு, செம்பட்டை, சுருள். நகங்கள் இல்லை. நகம் இருந்த இடமெல்லாம் வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாக, முரசு மாதிரி. இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. ரூபி கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்கள் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. இனி அப்பா ஊட்டட்டாம்."

லிசா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே மஞ்சள். முரசுக்குப் பின்னால் இன்னொரு முரசு. அதற்குப் பின்னால் இன்னொன்று. சின்னச் சின்ன முரசுகள், உள்ளே உள்ளே, கீழே வரைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தன.

வின்சன்ற் தன் கைகளைப் பார்த்தான். அவை சுத்தமாகத்தான் இருந்தன.